முப்பது வாஷர்

எங்கள் பட்டறையில் வாக்குச் சீட்டு கிடையாது, வாஷர்தான். கடையில் கிலோ கணக்கில் வாங்கிய சாதாரண இரும்பு வாஷர். ஒவ்வொன்றிலும் உறுப்பினரின் எண்ணைப் பஞ்ச் என்னும் எஃகு அச்சை வைத்து அடித்து, ஆளுக்கு ஐந்து என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்போம். சுவரில் வரிசையாகப் பால் பவுடர் டின்கள் மாட்டியிருக்கும். ஒரு கிளப்புக்கு ஒரு டின். எந்த கிளப் தொடர்ந்து நடக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ அதன் டின்னில் போட வேண்டும். ஐந்தையும் ஒரே டின்னில் போடலாம், பிரித்தும் போடலாம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

பட்டறை இருப்பது செங்கல்பட்டில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், முன்பு நெல் மூட்டை அடுக்கிய கிடங்கில். மாதச் சந்தா கட்டும் எவரும் உறுப்பினர். சந்தாவில் பாதி வாடகைக்கும் மின்சாரத்துக்கும் போய்விடும். மீதி கிளப்புகளுக்கு. மரவேலை, தையல், சைக்கிள், மின்னணு, மோட்டார் என்று ஐந்து கிளப், ஐந்து பெஞ்சு. ஆறாவது பெஞ்சு போட இடமில்லை. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு கிளப்புக்கு மனுச் செய்யலாம். பெஞ்சை யார் துடைப்பது, சாவி யாரிடம் இருப்பது, பணம் வந்தால் என்ன கருவி வாங்குவது என்பதெல்லாம் அந்தந்த கிளப்பின் பாடு. நிர்வாகக் குழு தலையிடாது. நிபந்தனை இரண்டே. மாதத்தில் ஒரு மாலையாவது கிளப்பில் இல்லாதவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து டின்னைத் திறக்கும்போது அதில் முப்பது வாஷராவது இருக்க வேண்டும். முப்பது இருந்தால் எண்ணிக்கைக்குத் தக்க பங்கு உண்டு. இருபத்தொன்பது என்றால் பெஞ்சு, காத்திருக்கும் அடுத்த கிளப்புக்குப் போய்விடும்.

நான் செய்தித்தாளில் முப்பது ஆண்டு உதவி ஆசிரியராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். உளி பிடிக்கத் தெரியாது, ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. எழுதத் தெரியும் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். விதிகளை எழுதியது நான்தான். தொலைந்த வாஷருக்கு மாற்று இல்லை என்பது ஒரு விதி. எண் படிக்க முடியாத வாஷர் கணக்கில் வராது என்பது இன்னொன்று. இரண்டாவதற்குக் காரணம் இருந்தது. முதல் தடவை எண்ணியபோது, நாங்கள் கொடுத்ததைவிட டின்களில் இருந்தது கூடுதல். யாரோ கடையில் வாங்கிப் போட்டிருந்தார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை. எண் அடிக்கும் பஞ்ச் ஒன்றை வாங்கினேன்.

மோட்டார் கிளப் என்றால் மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது. எரிந்துபோன செம்புக் கம்பியைப் பிரித்து எடுத்து, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பியைச் சுற்றி வைக்க வேண்டும். வேலைக்குக் கூலி வாங்கமாட்டார்கள். பொருளுக்கு மட்டும் காசு. இதைத் தொடங்கியவர் மதுராந்தகம் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண். நாற்பது வயதைத் தாண்டியவர், பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். வேலை கற்றுக்கொள்ள மூன்று கடைகளில் கேட்டிருக்கிறார். ஒருவர் சிரித்தார். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மூன்றாமவர், பெண்களுக்கு இதற்கெல்லாம் பொறுமை இருக்காது என்றார். அந்தப் பெண் காயலான் கடையில் எரிந்த மோட்டார் ஒன்றை எடை போட்டு வாங்கி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, எண்ணி எழுதிக்கொண்டு தானாகக் கற்றார். பிறகு எங்கள் பட்டறையில் சேர்ந்து இன்னும் ஆறு பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் வீட்டில் இருப்பது ஒரு கூடமும் சமையலறையும்தான். இருப்பவர்கள் ஐந்து பேர். இந்தப் பெஞ்சு போனால் மோட்டாரைப் பிரித்து வைக்க அவருக்கு வேறு இடம் இல்லை.

பெஞ்சுக்குக் காத்திருந்தவர்கள் ஐந்து இளம் பொறியாளர்கள். பிளாஸ்டிக்கை உருக்கி, அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் பிரிண்டர் ஒன்றைச் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தார்கள். அது நான்கு மாதமாக அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் மூலையில் இருந்தது. அவர்கள் கேட்டதிலும் தவறில்லை.

மோட்டார் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. எழுவரும் தங்கள் வாஷர்களைத் தனித்தனியாகப் போடமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் சேர்த்து வைத்து, எண்ணும் ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை ஒன்றாகக் கொட்டுவார்கள். ஏழு பேர், முப்பத்தைந்து வாஷர். வெளியார் யாரும் போடாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு.

இந்தக் கோடையில் அந்த வெள்ளிக்கிழமை நான் மூலையில் உட்கார்ந்து பழைய நடவடிக்கைக் குறிப்பைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். ஆய்வக உதவியாளர் மூடியைக் கையில் எடுத்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“டீச்சர், இதுல இருந்த வாஷரெல்லாம் இன்னா ஆச்சு?”

அவர் கேட்டது, இரண்டு மாதத்துக்கு முன் எட்டாவதாகச் சேர்ந்த கணக்கு டீச்சரை. திருக்கழுக்குன்றத்துக்காரர். கோயில் வேலையில் இருந்த குடும்பம். இவர் பள்ளிக்கூட வேலைக்கு வந்தவர். வாஷர் கொடுத்து முடித்த பிறகு சேர்ந்ததால் அவருக்கென்று வாஷர் கிடையாது.

“ஸ்பேர் வாஷரா? யூஸ் பண்ணிட்டேனே.”

“இன்னாது?”

“வெயிலுக்கு ஃபேனா வந்து குவிஞ்சுது இல்லையா? பெரிய டப்பால தீர்ந்துபோச்சு. இதுல நல்லதா, புதுசா இருந்தது. நம்பர்கூட அடிச்சிருந்தது. சைஸ்னு நெனச்சேன்.”

“நாப்பத்தொண்ணு சைஸா? டீச்சர், நாப்பத்தொண்ணு நானு!”

மரவேலை கிளப்பின் தலைவர், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஊர்ல கட்சிக்காரன்லாம் வூடு வூடா போய் ஓட்டு கேப்பான். நீங்க வூடு வூடா போய் ஓட்ட முறுக்கி வெச்சிட்டு வந்துகீறீங்க!”

டீச்சர் மூடியை வாங்கி எண்ணினார். மூடியில் இருபத்திரண்டு. டின்னில் வெளியார் போட்டது மூன்று. அதில் ஒன்று என்னுடையது. நான் எப்போதும் முதல் நாளே டின்னுக்கு ஒன்றாக ஐந்தையும் போட்டுவிடுவேன். ஆக இருபத்தைந்து. இன்னும் ஐந்து வேண்டும். மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் அதற்குள் போட்டு முடித்திருந்தார்கள்.

“சார், மாத்து வாஷர் குடுப்பீங்களா?” என்று ஆய்வக உதவியாளர் என்னைக் கேட்டார்.

“விதியில் இடமில்லை.”

“தெரியும். நீங்க எழுதுனதுதான? கேக்காம வுட்டேன்னு இருக்கக்கூடாது, அதான் கேட்டேன்.” டீச்சரிடம் திரும்பினார். “எதுல எதுல போட்டீங்கன்னு எழுதி வெச்சிகீறீங்களா?”

எழுதி வைத்திருந்தார். கணக்கு டீச்சர் அல்லவா? ரிப்பேர் நோட்டில் பொருள், ஊர், மாற்றிய உதிரிப் பாகம், எண்ணிக்கை என்று கோடு போட்டு நிரப்பியிருந்தார். காணாமல் போன பதின்மூன்றும் கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டன, காகிதத்தில். மூன்று, மதுராந்தகத்தில் ஒரு நெல் வியாபாரியின் அலுவலக ஃபேனில். அவர் திங்கட்கிழமைதான் திறப்பார். இரண்டு, ஒரு டேபிள் ஃபேனோடு பெங்களூருக்குப் போய்விட்டன. இரண்டு சதுரங்கப்பட்டினத்தில் ஒரு ஃபேனில், இன்னும் இரண்டு அதே ஊரில் ஒரு மிக்ஸியில். திருவிடந்தையில் ஒன்று. மாமல்லபுரத்தில் ஒரு டிபன் கடை கிரைண்டரில் ஒன்று. பட்டியலின் முதல் வரியில் என் பெயர் இருந்தது. என் வீட்டு டேபிள் ஃபேன்.

“பதிமூணாவது?” என்றேன்.

ஆய்வக உதவியாளர் விரலால் மேலே காட்டினார். “அதோ, சுத்திகினு கீது.”

கிடங்கின் நடுவில் இருக்கும் பெரிய மின்விசிறி. பதினான்கு அடி உயரம். அது பொதுச் சொத்து. நிர்வாகக் குழுவின் அனுமதி இல்லாமல் கழற்றக் கூடாது என்றேன். குழு கூடுவது ஞாயிறு மாலை, எண்ணும் நேரத்தில்.

“அப்ப அது வாணாம். நாளைக்கு நான் போய் மத்தத கழட்டிகினு வரேன். நீங்களும் வாங்க சார்.”

“நான் எதற்கு?”

“நம்பர் பஞ்ச் இங்கதான் கீது. நாங்களே புதுசா அடிச்சிகினோம்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். நீங்க பக்கத்துல நின்னு பாத்து எழுதுங்க.”

நியாயமான கோரிக்கை. ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் ரயிலில் வராமல் தன் ஸ்கூட்டரில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். தோள் பையில் இரண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி, புது வாஷர் ஒரு பொட்டலம். என் மனைவி டேபிள் ஃபேனைத் தரையில் கொண்டு வந்து வைத்தார். விஷயத்தைக் கேட்டதும், “ஓட்டு வெச்சு கட்டினதா? அதான் அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்களா?” என்றார். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. எண் பன்னிரண்டு. எழுதிக்கொண்டேன்.

திருப்போரூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். திருவிடந்தைக் கோயிலுக்கு எதிரே மாலைக் கடை. கல்யாணம் கூடி வர வேண்டிக்கொண்டவர்கள் வரிசையாக மாலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மாள் பூ வாடாமல் இருக்க ஒரு ஸ்டாண்ட் ஃபேனை வைத்திருந்தார்.

“நல்லா ஓடிகினு கீறத ஏம்மா கழட்ற?”

“என் ஓட்டு உள்ள மாட்டிகினு கீது அக்கா.”

“ஓட்டா? எந்தக் கட்சி?”

“மோட்டார் கட்சி.”

“ஜெயிச்சா ஃபேனு ஃப்ரீயா குடுப்பியா?”

“ஜெயிச்சாத்தான் அக்கா அடுத்த தபா இத்த ரிப்பேரே பண்ணுவேன். தோத்தா நீ கடையிலதான் குடுக்கணும்.”

அம்மாள் தானே சுவிட்சை அணைத்தார். எண் இருபத்தாறு. மொத்தம் இரண்டு.

மாமல்லபுரத்து டிபன் கடைக்காரர் அவ்வளவு எளிதாக மசியவில்லை. சமையலறையில் பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஊறிய அரிசி நான்கு குண்டானில் இருந்தது.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. டூரிஸ்ட் பஸ்ஸு வரிசையா வரும். இப்ப நிறுத்துனா காலையில இட்லிக்குப் பதிலா வாஷரையா வேக வெப்பேன்?”

“எத்தன மணிக்கு முடியும் அண்ணாத்த?”

“நாலாவும்.”

“நாலுக்கு வரேன்.”

“பேஜாரா போச்சே” என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் நேரத்தை எழுதிக்கொண்டேன்.

சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்குப் பின்தெருவில், ஃபேன் இருந்த வீடு பூட்டியிருந்தது. கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமைதான் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மிக்ஸி இருந்த வீட்டில் ஆள் இருந்தது. மீன் குழம்புக்கு மசாலா அரைக்கிற நேரம். வீட்டுக்காரப் பெண் தேங்காயும் மிளகாயும் போட்ட ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். “சீக்கிரம் தங்கச்சி, எங்க வூட்டாளு பசி தாங்க மாட்டாரு” என்றார். வீட்டாள் வாசலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு, “யாரு, நானா?” என்று குரல் கொடுத்தார். ஆய்வக உதவியாளர் மோட்டாரைப் பிடித்திருந்த அடித் திருகாணிகளைக் கழற்றி இரண்டு வாஷரையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். முப்பத்து மூன்று, நாற்பத்தொன்று. தன் எண்ணைப் பார்த்தபோதும் அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. புது வாஷர் போட்டு முறுக்கி, அந்த ஜாரை வைத்தே மிக்ஸியை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் எழுந்தார். மொத்தம் நான்கு.

மூன்றே முக்காலுக்கு டிபன் கடைக்குத் திரும்பினோம். இன்னும் ஒரு குண்டான் மீதி இருந்தது. ஆய்வக உதவியாளர் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, கிரைண்டருக்கு எதிரே உட்கார்ந்தார். ஐந்தேகால் மணிவரை அசையவில்லை. கடைக்காரர் இரண்டு முறை அவரைத் தாண்டிப் போனார். மூன்றாம் முறை, “வுடாது போலக் கீதே இந்தம்மா” என்று சொல்லி, கிரைண்டரை அணைத்து, குழவிக் கல்லைத் தானே தூக்கிக் கொடுத்தார். அடித்தண்டில் கிரீஸும் காய்ந்த மாவும் பூசிக் கிடந்தன. ஆய்வக உதவியாளர் மேலாக இருந்த வாஷரை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். நான் துடைத்துப் பார்க்கவில்லை. முப்பது ஆண்டு பிறர் எழுதியதில் எண்களைச் சரிபார்த்தவன், பகல் முழுதும் வெயிலில் அலைந்த களைப்பில், நோட்டில் ஐந்து என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எண்ணிக்கை தொடங்கியது; விதிப்படி ஆறு மணிவரை டின்னில் போடலாம். நடு மேசையில் டின்களைக் கவிழ்த்து, ஒவ்வொரு வாஷராக எடுத்து எண்ணைப் படித்து, குழு உறுப்பினர் ஐவரும் பார்க்கும்படி வைப்பேன். மரவேலைக்கு அதிகம். தையலுக்கு அடுத்து. மோட்டார் டின் கடைசியாக வந்தது. கிரைண்டர் வாஷரை டீச்சர் இரவே மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்திருந்தார். பளபளவென்று இருந்தது. முன்புறம் திருப்பினேன். பின்புறம் திருப்பினேன். எண் இல்லை.

“தேஞ்சிருக்கும் சார்” என்றார் டீச்சர். “தினமும் அஞ்சு மணி நேரம் கல்லு சுத்தியிருக்கு. நான் போட்டது அதுலதான், நோட்டுல இருக்கு.”

“தண்டில் வாஷர் எத்தனை இருந்தது?”

டீச்சர்தான் சொன்னார். “மூணு.”

“மேலே இருந்தது உங்களுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?”

பிரிண்டர் வைத்திருந்த பொறியாளர்களில் ஒருவர்தான் பேசினார். “வுடுங்க சார். ஒரு வாஷருக்காக எங்களுக்கு பெஞ்சு வாணாம். அப்புறம் இவங்க எங்கள சும்மா வுடுவாங்களா?”

“ஒத்த வாஷரு அண்ணாத்த” என்றார் மரவேலைத் தலைவர் என்னிடம். “நீயே கூடப் போன.”

நான் கூடப் போனேன். தண்டிலிருந்து ஒரு வாஷர் வெளியே வந்ததைப் பார்த்தேன். அதில் எண் இருந்ததைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய இடத்தில் பார்க்காமல் விட்டது என் தவறு என்று அவர்களிடம் சொன்னேன். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுத முடியாது. மோட்டார் கிளப், இருபத்தொன்பது.

டீச்சர் அழத் தொடங்கினார். ஆய்வக உதவியாளர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“மணி இன்னா சார்?”

“ஐந்து இருபத்தைந்து.”

“டின்னுல போட ஆறு வரிக்கும் டைம் கீது இல்ல?”

“இருக்கிறது.”

“குழு ஆளுங்க அஞ்சு பேரும் இங்கதான கீறீங்க? கூட்டத்த போடுங்க. அத்தக் கழட்ட எனக்குப் பர்மிஷன் வேணும்.”

எல்லோரும் மேலே பார்த்தோம்.

குழுவின் தலைவர் சைக்கிள் கிளப்காரர்; கூட்டத்தை நின்றபடியே தொடங்கிவைத்தார். நான் புதுப் பக்கத்தில் எழுதினேன்: கூடத்தின் மின்விசிறியை நிறுத்தி, ஒரு வாஷரை மாற்ற மோட்டார் கிளப்புக்கு அனுமதி. வேலை முடிந்ததும் விசிறி பழையபடி ஓட வேண்டும். முன்மொழிந்தவர் மரவேலைத் தலைவர். ஐவரும் கையெழுத்திட்டார்கள். நேரம் ஐந்து முப்பத்தொன்று.

மரவேலை கிளப்பின் ஏணி வந்தது. விசிறியை அணைத்ததும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் வியர்த்தது. ஆய்வக உதவியாளர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். மரவேலைத் தலைவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “பாத்து ஏறும்மா, இறக்கை கைக்கு வந்துரப் போவுது.”

“நீ ஏணிய ஆட்டாம இரு அண்ணாத்த. ஃபேன நான் பாத்துக்கறேன்.”

திருகாணி இறுகியிருந்தது. டீச்சர் முறுக்கியது, நன்றாகவே முறுக்கியிருந்தார். முதல் ஸ்பேனர் வழுக்கியது. இரண்டாவதைக் கேட்டார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியில் பாதி ஏறி எடுத்துக் கொடுத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடம் ஆனது. வாஷரை எடுத்ததும் ஆய்வக உதவியாளர் அதை டின்னுக்கு அனுப்பவில்லை. மேலே இருந்தபடியே முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகே என்னைக் கூப்பிட்டார்.

“சார், இன்னா நம்பர்னு நீங்களே படிங்க.”

டீச்சர் கைமாற்றிக் கொடுத்தார். முப்பத்தெட்டு. மூன்றும் எட்டும் தெளிவாக இருந்தன. உரக்கப் படித்தேன். டின்னில் போட்டேன். முப்பது.

யாரும் கைதட்டவில்லை, அவர் இன்னும் மேலே இருந்தார். புது வாஷரை வைத்து முறுக்கி, இறக்கையைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கீழே இறங்கி, தானே சுவிட்சைப் போட்டார். விசிறி ஆடாமல் சுற்றியது. ஐந்து ஐம்பத்திரண்டு என்று எழுதி, தீர்மானம் நிறைவேறியது என்று சேர்த்தேன்.

அந்த முறை மோட்டார் கிளப்புக்குக் கிடைத்த பங்குதான் ஐந்தில் சிறியது. செம்புக் கம்பி கொஞ்சம் வாங்கலாம், அவ்வளவே. பொறியாளர்கள் தங்கள் அட்டைப் பெட்டியை மறுபடி மூலையில் தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் ஆய்வக உதவியாளரிடம் போய், அடுத்த மாதம் வெளியாருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் மாலை எது என்று கேட்டதைக் கேட்டேன்.

நான் நோட்டை மூடும்போது மேசையில் அந்தத் தேய்ந்த வாஷர் மட்டும் கிடந்தது. டீச்சர் அதை எடுத்து, டிபன் பாக்ஸ் மூடிக்கும் உதிரிப் பாக டப்பாவுக்கும் நடுவில் கையை நிறுத்தி, ஆய்வக உதவியாளரைப் பார்த்தார்.

“எதுலக்கா போடறது?”

“பெரிய டப்பால போடுங்க டீச்சர். திங்கக்கெழம மூணு ஃபேன் வருது.”